செயின் இருந்தா அது டூரிங் வண்டியே இல்லையாமே?

வழிப்போக்கன்:
நம்ம ஃபோரத்துல பக்கத்து இழையில ஒரு புதுப் பையன் வந்து நியாயமா ஒரு கேள்வி கேட்டிருந்தான். தினமும் வேலைக்குப் போகணும், லீவு கிடைச்சா நெடுந்தூரம் போகணும், வீட்டுல ஒரு வண்டிக்குத்தான் இடம். 500 சிசியிலிருந்து 800 சிசிக்குள்ள எந்த பைக் சரி வரும்? அவ்வளவுதான் கேள்வி. நம்ம அச்சாணி அண்ணன் ஒரே வரியில தீர்ப்பு எழுதிட்டாரு: "செயின் போட்ட எதுவும் டூரிங் வண்டி கிடையாது. ஷாஃப்ட் இல்லேன்னா யோசிக்கவே வேணாம்." செயின்னா இன்ஜின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போற சங்கிலி, ஷாஃப்ட்னா அதே வேலையைப் பண்ற இரும்புத் தண்டு. பையன் அதோட ஆளையே காணோம்.

வி-ஸ்ட்ராம் 650, வெர்சிஸ் 650, டிரேசர் 700, என்சி 750 எக்ஸ், சிபி 500 எக்ஸ். இந்த அளவுல ஊரு உலகமே ஓட்டுற வண்டி இதுங்கதான், அஞ்சுலயும் செயின்தான். இதுல ஒண்ணும் டூரிங் வண்டி இல்லையாம். வி-ஸ்ட்ராம் 650 2004லேர்ந்து ஓடிக்கிட்டிருக்கு. அதை எடுத்துக்கிட்டு கண்டம் விட்டுக் கண்டம் போனவங்க எல்லாம் என்ன, காய்கறி வாங்கவா போனாங்க? அண்ணன் இங்க வந்து பதில் சொல்லட்டும்.

அச்சாணி:
வந்துட்டேன் தம்பி. என்ன கூப்பிடாம உங்களுக்குத் தூக்கம் வராதே.

நான் சொன்னதை மறுபடியும் சொல்றேன். செயின் போட்ட வண்டி டூரிங் வண்டி இல்ல. நல்ல வண்டியா இருக்கலாம், வேகமான வண்டியா இருக்கலாம், டூரிங் வண்டி இல்ல. நாள் பூரா மழையில ஓட்டி, ராத்திரி ஒரு லாட்ஜ்ல வந்து இறங்குறீங்க. உடம்பு குளிரில விறைச்சிருக்கு. ரூமுக்குப் போகலாமா? முடியாது. டார்ச் லைட்டை வாயில கவ்விக்கிட்டு செயின் பக்கத்துல குந்தணும். ராத்திரி அப்படியே விட்டா காலையில லிங்க் மேலெல்லாம் செம்மண் கலர்ல துரு கோடு போட்டிருக்கும். சரி, லூப் (செயினுக்கு அடிக்கிற எண்ணெய்) அடிக்கலாம்னா பின்சக்கரத்தைச் சுத்தணும். நீங்க சொன்ன வி-ஸ்ட்ராமுக்கு சென்டர் ஸ்டாண்டு கம்பெனியே கொடுக்குறதில்ல, தனியா வாங்கி மாட்டணும். மாட்டலேன்னா ஒரு சாண் தள்ளு, கொஞ்சம் ஸ்ப்ரே அடி, இன்னொரு சாண் தள்ளு. பெட்டியோட, பையோட, மழையில. இதுக்குப் பேரு டூரிங்கா?

ஷாஃப்ட் வண்டிக்காரன் சாவியை எடுத்துக்கிட்டுத் தூங்கப் போயிடுவான்.

ரெட்லைன்:
தூங்கத்தான் போவான். ஷாஃப்ட் வண்டி ஓட்டுனா ஓட்டும்போதே தூக்கம் வருமே.

அண்ணே, 500லேர்ந்து 800க்குள்ள ஷாஃப்ட் வெச்ச புது வண்டி ஒண்ணே ஒண்ணு பேரு சொல்லுங்க. ஒண்ணு போதும்.

மழைக்கோட்டு:
வணக்கம். அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். ஆளைக் காணோம்னு போட்டிருக்கீங்க, வேலைக்குப் போயிருந்தேன். இன்னொண்ணு, நான் பையன் இல்லைங்க, எனக்கே பள்ளிக்கூடம் போற பசங்க ரெண்டு பேர்.

எனக்கு ஒரு சந்தேகம். டூரிங்னு நீங்க எல்லாரும் எதைச் சொல்றீங்க? என் கணக்குல நாள் ஒண்ணுக்கு முன்னூறு நானூறு கிலோமீட்டர், பெரும்பாலும் நல்ல ரோடு, எப்பவாவது ஜல்லி. அதுக்குத்தான் கேட்டேன். என் உயரம் 165 சென்டிமீட்டர். சீட் உயரம் பத்தியும் யாராவது சொன்னா உதவியா இருக்கும்.

அச்சாணி:
ரெட்லைன், பேரு வேணுமா? ஹோண்டா டோவில். 1998ல வந்தது, 647 சிசி வி-ட்வின் (வி வடிவத்துல ரெண்டு சிலிண்டர்), ஷாஃப்ட், பாடியோட சேர்ந்தே பெட்டி. அதுக்கு முன்னாடி 1978ல சிஎக்ஸ் 500. அதுவும் ஷாஃப்ட். அந்தக் காலத்துலயே டியூப்லெஸ் டயர். லண்டன்ல கூரியர் பசங்க அதைப் போட்டு மாட்டைவிடக் கேவலமா உழைக்க வெச்சாங்க, அது பாட்டுக்கு ஓடுச்சு. புதுசு வேணும்னா மோட்டோ குஸ்ஸி வி85 டிடி, 23 லிட்டர் டேங்க்.

அறிவு இருந்தா போதும், பேரு நிறைய இருக்கு.

ரெட்லைன்:
நான் கேட்டது புது வண்டி. அவரு கொடுத்தது: ஒண்ணு உற்பத்தி நின்னு போயி வருஷக்கணக்காச்சு, இன்னொண்ணு என்னைவிட வயசுல மூத்தது, மூணாவது 853 சிசி. 853, 800க்குள்ளயா வருது? இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க அண்ணே?

சிஎக்ஸ் 500 பேரை நீங்களே எடுத்தது ரொம்ப சந்தோசம். முதல்ல வந்த வண்டிகள்ல என்ன தகராறு, சொல்லுங்க பாப்போம். கேம் செயின் டென்ஷனர், அதாவது இன்ஜினுக்குள்ள வால்வுகளை இயக்குற செயினை இறுக்கிப் பிடிக்கிற பாகம்! கம்பெனியே வண்டியைத் திருப்பிக் கூப்பிட்டு மாத்திக் கொடுத்துச்சு. வெளிய செயின் இல்லேன்னு பெருமை, உள்ள இருந்த செயின் காலை வாரிடுச்சு. டோவில் இன்ஜின்லயும் கேம் செயின் உண்டு. அப்ப உங்க கணக்குப்படி அதுவும் டூரிங் வண்டி இல்ல. செயின் இருக்கே!

அச்சாணி:
இது வாதம் இல்ல, விதண்டாவாதம். இன்ஜினுக்குள்ள ஆயில்ல குளிச்சுக்கிட்டு ஓடுற செயினும், தெருவுல சேறு தின்னுக்கிட்டு ஓடுற செயினும் ஒண்ணா? நான் பின்சக்கரத்துக்குப் போற செயினைச் சொல்றேன். எல்லாருக்கும் புரிஞ்சுது, உங்களுக்கு மட்டும் புரியல. போன தடவை டயர் இழையிலயும் இப்படித்தான் குறுக்கு சால் ஓட்டுனீங்க.

853ஐ 800க்குள்ள சேர்க்க மாட்டேன்னு அடம் பிடிச்சா என்ன பண்றது. 53 சிசியைப் பிடிச்சுத் தொங்குங்க.

வழிப்போக்கன்:
அண்ணே, டோவிலை நீங்க எடுத்ததால சொல்றேன். அதே குடும்பத்து வி-ட்வினைத்தான் ஹோண்டா டிரான்சால்ப்னு இன்னொரு வண்டியிலயும் போட்டாங்க. அதுல செயின். ஜல்லியிலயும் மண்ணுலயும் போற வண்டின்னு நினைச்சதுக்குச் செயின், தார் ரோட்டுக்கு மட்டும்னு நினைச்சதுக்கு ஷாஃப்ட். அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு?

ஷாஃப்ட்னா எடை. நல்ல செயின் சக்தியைக் கிட்டத்தட்ட முழுசா பின்சக்கரத்துக்குக் கொடுக்கும். ஷாஃப்ட்ல சுழற்சியோட திசையைப் பெவல் கியர் (சாய்வான பல்சக்கரம்) திருப்பிவிடணும், டோவில் மாதிரி இன்ஜினோட கிராங்க் தண்டு வண்டிக்குக் குறுக்க இருந்தா ரெண்டு தடவை திருப்பணும். ஒவ்வொரு திருப்பத்துலயும் கொஞ்சம் போயிடும். டோவிலோட கடைசி மாடல் 250 கிலோவைத் தாண்டும். வி-ஸ்ட்ராம் சுமார் 215, டிரேசர் 700 இருநூறுக்கும் கீழ. தினமும் ஆபீஸ் பார்க்கிங்ல, ரெண்டு ஸ்கூட்டருக்கு நடுவுல பின்னாடி தள்ளி எடுக்கப் போறவருக்கு இந்த வித்தியாசம் முதுகுல தெரியும்.

இன்னொண்ணு. வி-ஸ்ட்ராம்ல முன்னாடி 15 பல் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டுற பல்சக்கரம்), பின்னாடி 47. நெடுஞ்சாலை அதிகம் ஓட்டுறவன் முன்னாடி 16 போட்டா, அதே வேகத்துல ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்துற சுத்து) நூத்துக்கு ஆறு பங்கு குறையும். ஒரு சாயங்கால வேலை. ஷாஃப்ட்ல இதைப் பண்ணிக் காட்டுங்க.

அச்சாணி:
சரியா டிசைன் பண்ண வண்டிக்கு ஸ்ப்ராக்கெட் மாத்துற அவசியமே வராது. அவசியம் வருதுன்னா என்ன அர்த்தம்? நீங்களே யோசிங்க.

எடை எடைன்னு அழுவுறவங்க மூணு பெட்டி மாட்டி, அதுல ஒரு பெட்டி நிறைய செயின் கிளீனர், பிரஷ், லூப் டப்பா, பழைய துணின்னு அள்ளிட்டுப் போவாங்க. அந்த எடையை யாரும் கணக்குல சேர்க்கிறதில்ல.

பின்சீட்டு:
வண்டி ஓட்டுறவ நான். பேரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். என்சி 750 எக்ஸ் வெச்சிருக்கேன். டேங்க் இருக்க வேண்டிய இடத்துல ஹெல்மெட் வைக்கிற பெட்டி. புது மாடல்ல 23 லிட்டர். தினசரி வேலைக்கு அதுக்கு ஈடு எதுவும் கிடையாது, மழைக்கோட்டு, சாப்பாட்டு டப்பா, லேப்டாப் எல்லாம் உள்ள போயிடும். 2021லேர்ந்து சீட் உயரமும் சுமார் 800 மில்லிமீட்டருக்கு இறங்கிடுச்சு, 165க்குத் தாராளம். ஆனா பெட்ரோல் மூடி பின்சீட்டுக்கு அடியில. டூர் போகும்போது பையைப் பின்சீட்டுல கட்டுனீங்கன்னா, ஒவ்வொரு பங்க்லயும் கயிறு அவிழ்த்து, பையை இறக்கி, சீட்டைத் தூக்கி, போட்டுட்டுத் திரும்பக் கட்டணும். பின்னால நிக்கிறவன் ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருப்பான். டேங்கும் 14 லிட்டர்தான், அதனால அடிக்கடி.

ஒரு வண்டியை எல்லாத்துக்கும் வெச்சுக்கிறதுன்னா இந்த மாதிரி விஷயம்தான் முக்கியம். செயின் செயின்னு என்ன இது? மாசத்துல ரெண்டு தடவை துடைச்சா போற சமாச்சாரம்.

அச்சாணி:
மாசத்துல ரெண்டு தடவை! எல்லாரும் பார்த்துக்கோங்க. அம்மா, மழையில ஓட்டுனா அன்னைக்கே துடைக்கணும். நீங்க துடைக்கிற லட்சணத்துக்கு உங்க செயின் எந்த நிலைமையில இருக்குன்னு போட்டோ போடுங்க, பார்ப்போம்.

பின்சீட்டு:
என் செயின் போட்டோவை உங்களுக்கு நான் எதுக்குப் போடணும்?

கிரீஸ்கை:
நான் ஒர்க்‌ஷாப்ல நிக்கிறவன். ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஓவர்.

இப்ப வர்ற செயின் எல்லாம் ஓ-ரிங், எக்ஸ்-ரிங். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல கிரீஸ் போட்டு ரப்பர் ரிங்கால அடைச்சே வருது. வெளிய நாம அடிக்கிறது ரோலருக்கும் துருப்பிடிக்காம இருக்கவும்தான். மண்ணெண்ணெயில துடை, காய விடு, கியர் ஆயில் லேசா தடவு, முடிஞ்சுது. பெட்ரோல்ல மட்டும் கழுவாதீங்க, ரிங் கெட்டுப்போகும். செயினோட தொய்வு வி-ஸ்ட்ராமுக்கு 20லேர்ந்து 30 மில்லிமீட்டர். ஒரு இடத்துல மட்டும் அளக்காம சக்கரத்தைச் சுத்திச் சுத்தி எங்க ரொம்ப இறுக்கமா இருக்கோ அங்க அளக்கணும். லூஸா இருக்கேன்னு வீணை நரம்பு மாதிரி இறுக்கிட்டு வர்றவங்கதான் அதிகம். கியர்பாக்ஸ் பேரிங் போயிடும்.

ஷாஃப்ட்டும் சும்மா வராது. ஸ்ப்ளைன்ல (தண்டு பல்லோட பல்லு சேர்ற இடம்) கிரீஸ் வறண்டா பல்லு தேஞ்சு மழுங்கிப் போயிருக்கும். யூனிவர்சல் ஜாயிண்ட் (தண்டோட மூட்டு) போகும், ஆயில் சீல் ஒழுகும். செயின் அறுந்தா வழியில எவனாவது ஒரு லிங்க் போட்டுக் கொடுப்பான். ஷாஃப்ட் போச்சுன்னா லாரிதான்.

வழிப்போக்கன்:
கிரீஸ்கை சொன்னது எல்லாம் சரி, மண்ணெண்ணெய் மட்டும் தப்பு. ரப்பருக்கு ஆகாது. டபிள்யூடி-40 ஸ்ப்ரேதான் சுத்தம்.

கிரீஸ்கை:
வி-ஸ்ட்ராம் அண்ணே, ஆகாதுன்னு யாரு சொன்னா? ஓ-ரிங் செயினுக்கு மண்ணெண்ணெய் போடச் சொல்லியே பல வண்டி மேனுவல்ல இருக்கு. அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவர்லேர்ந்து வெளிய எடுத்தீங்களா இல்லையா?

வழிப்போக்கன்:
எடுத்ததாலதான் பேசுறேன். உங்க மாதிரி ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டுத்தான் என் பழைய வண்டியோட செயின் சீக்கிரமே இழுத்துக்கிச்சு. அங்கயும் மண்ணெண்ணெய்தான்.

கிரீஸ்கை:
மண்ணெண்ணெயால செயின் இழுக்காது. ஆக்சலேட்டரால இழுக்கும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

ரெட்லைன்:
இது நல்லா இருக்கு. செயின்காரங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிறாங்க, அச்சாணி அண்ணன் ஓரமா நின்னு சிரிச்சுக்கிட்டிருப்பாரு.

அச்சாணி:
சிரிக்கத்தான் செய்றேன். மண்ணெண்ணெயா, டபிள்யூடி-40யா, கியர் ஆயிலா, இந்தச் சண்டை ஒண்ணே போதுமே எனக்கு. ஷாஃப்ட் இழையில இப்படி ஒரு சண்டையை எங்கயாவது பார்த்திருக்கீங்களா? நான் சொன்னா கசக்குது, நீங்களே நிரூபிச்சுக் காட்டுறீங்க.

ரெட்லைன்:
ஷாஃப்ட் இழையில சண்டை வராது, அங்க எழுத ஆளே இல்லையே.

அது சரி, நடுவுல பெல்ட்னு ஒண்ணு இருக்கே, அதைப் பத்தி அண்ணன் மூச்சே விடல. பிஎம்டபிள்யூ எஃப் 800 ஜிடி, 798 சிசி, பெல்ட். துடைக்கவும் வேணாம், லூப்பும் வேணாம். அது டூரிங் வண்டியா இல்லையா?

அச்சாணி:
பெல்ட்டைப் பத்தி நான் பேசல. செயினைப் பத்திப் பேசுறேன்.

ரெட்லைன்:
பேச முடியாது. ஏன்னா அந்தக் கம்பெனியே பெல்ட்டை விட்டுட்டு எஃப் 900 எக்ஸ்ஆருக்கு செயின் போட்டுட்டாங்க. ஷாஃப்ட்டுக்குப் பேர் போன கம்பெனி! பாக்ஸர் (ரெண்டு சிலிண்டரும் எதிரெதிரா படுத்திருக்கிற இன்ஜின்) வண்டிக்கெல்லாம் ஷாஃப்ட் போடுறவன் இந்த அளவு வண்டிக்குச் செயின் போதும்னு முடிவு பண்றான். அண்ணனுக்கு மட்டும் போதல.

அச்சாணி:
செலவு மிச்சம் பிடிக்கப் போட்டாங்க. உங்களுக்காகப் போட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டீங்களா?

மழைக்கோட்டு:
மன்னிக்கணும், சீட் உயரம் பத்தி பின்சீட்டு அக்கா மட்டும்தான் சொன்னாங்க, நன்றி. வெர்சிஸும் வி-ஸ்ட்ராமும் 840, 835ன்னு போட்டிருக்கான். 165 உயரத்துக்குக் கால் எட்டுமா? யாராவது அந்த உயரத்துல ஓட்டுறீங்களா?

வழிப்போக்கன்:
எட்டும் தம்பி. ஒரு கால் முழுசா ஊனினா போதும், ரெண்டு காலும் எதுக்கு? வி-ஸ்ட்ராம் எடுங்க. முன்னாடி 19 இன்ச் சக்கரம், ஜல்லியில நிதானமா போகும்.

ரெட்லைன்:
தம்பின்னு சொல்லாதீங்க, அவருக்குப் பசங்க இருக்குன்னு சொன்னாரு. அப்புறம் 19 இன்ச் எதுக்கு? நாள் பூரா தார் ரோடுன்னு அவரே எழுதியிருக்காரு. 17 இன்ச்னா டயர் வகை நிறைய கிடைக்கும், வளைவுல சொன்ன பேச்சு கேக்கும். வெர்சிஸ் எடுங்க சார்.

வழிப்போக்கன்:
ஆரம்பிச்சுட்டாரு. டயர் இழையில வாங்குனது போதாதா?

ரெட்லைன்:
வாங்குனது யாருன்னு அந்த இழையைப் படிச்சவங்களுக்குத் தெரியும்.

அச்சாணி:
19ஓ 17ஓ, ரெண்டுலயும் செயின்தான். ரெண்டும் டூரிங் வண்டி இல்ல. சார், நீங்க இவங்க பேச்சைக் கேக்காதீங்க. நல்ல நிலைமையில பழைய டோவில் ஒண்ணு தேடுங்க.

பின்சீட்டு:
250 கிலோவை 165 உயரத்துக்காரர் தலையில கட்டுங்க, நல்லா இருப்பீங்க.

கிரீஸ்கை:
அச்சாணி அண்ணே, ஒரே ஒரு கேள்வி. உங்க ஷாஃப்ட் வண்டியில ஃபைனல் டிரைவ் (பின்சக்கரத்துக்கிட்ட இருக்கிற கியர்) ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?

அச்சாணி:
அது இப்ப எதுக்கு? இழை செயினைப் பத்தினது.

ரெட்லைன்:
ஹா ஹா. மாத்தவே இல்ல போல.

அச்சாணி:
மாத்த வேண்டிய நேரத்துல மாத்துவேன். 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஒரு டப்பா, வடிகட்டு, ஊத்து, மூடு. உங்க மாதிரி வாராவாரம் டூத் பிரஷ்ஷோட தரையில படுக்குறதில்ல. சீல் லேசா கசியுதுதான், எல்லா வண்டியிலயும் கசியும், அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல.

கிரீஸ்கை:
எந்தப் பக்கம் கசியுது? சக்கரத்துப் பக்கமா? டயர்ல படுதா?

வழிப்போக்கன்:
டயர் பேச்சு வந்துருச்சு, ரெட்லைன் வருவாரு பாருங்க.