அம்மாவின் மூளைக்குள் கரன்ட் போய்ச் சேர்கிறதா?

வணக்கம். அம்மாவுக்கு வயது 76, மதுரையில் இருக்கிறோம். ஜனவரியில் பக்கவாதம் வந்து, மூளையின் இடப்பக்கம் பாதித்துப் பேச்சு போய்விட்டது. தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு "அது... அது..." என்று என் முகத்தையே பார்ப்பார். சொல் மட்டும் வராது.

ஜூனில் டிடிசிஎஸ் (தலையில் எலக்ட்ரோடு வைத்து மூளைக்கு லேசான கரன்ட் செலுத்தும் சிகிச்சை) ஆரம்பித்தோம். ஸ்பாஞ்ச் எலக்ட்ரோடு வைத்து 2 மில்லி ஆம்பியர், 20 நிமிடம், இரண்டு வாரத்தில் 10 முறை, கூடவே பேச்சுப் பயிற்சி. மாற்றமே இல்லை.

ஸ்பாஞ்சை உப்புநீரில் நன்றாக நனைத்தோம். வகிடெடுத்துத் தோலில் படும்படி வைத்தோம். டேப்பால் இடத்தை மறுபடி அளந்தோம். மெஷின் காட்டும் ரெசிஸ்டன்ஸும் சரியாகவே இருந்தது.

பிறகுதான் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைத் திரும்பப் படித்தேன். வயதால் மூளை சுருங்கி, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மூளைத் தண்டுவட நீர் கூடியிருக்கிறது. அந்த நீர் மூளையின் சாம்பல் பகுதியைவிடச் சுமார் 6 மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். கரன்ட் அதிலேயே பரவிவிட்டால் உள்ளே எவ்வளவு போய்ச் சேரும்? பக்கவாதத்தில் அழிந்த இடத்திலும் அதே நீர்தான் நிரம்பியிருக்கிறது.

கரன்ட் அளவைக் கூட்ட டாக்டர் மறுத்துவிட்டார். கணக்கில்லாமல் கூட்டக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் சிம்நிப்ஸ் போன்ற இலவச மென்பொருளில், அவரவர் எம்ஆர்ஐயை வைத்தே மூளைக்குள் மின்புலம் எங்கே, எவ்வளவு என்று கணக்கிட முடிகிறது.

தமிழ்நாட்டில் எந்த மருத்துவமனையில், நோயாளியின் எம்ஆர்ஐயை வைத்து இப்படிக் கணக்கிட்டு எலக்ட்ரோடு இடத்தையும் கரன்ட் அளவையும் முடிவு செய்கிறார்கள்?