காய்ச்சலே இல்லையே!

(எங்கள் குடும்பக் குழுவில், அப்பத்தாவைப் பற்றிய பேச்சு. அக்கா மருத்துவமனை வார்டில் வேலை பார்ப்பவள்.)

மதுரை அத்தை: எக்ஸ்ரே வந்துவிட்டது. அம்மாவுக்கு நிமோனியாவாம். வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரிகிறது. வந்தபோது ரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதம். இப்போது மாஸ்க் வைத்து 95.

திண்டுக்கல் சித்தப்பா: நேற்று இரவுகூடக் காய்ச்சல் இல்லை என்றாயே!

மதுரை அத்தை: தொட்டுப் பார்த்தேன், உடம்பு சில்லென்றுதான் இருந்தது. இருமலும் பெரிதாக இல்லை. ஆனால் வெற்றிலை இடிக்கிற சத்தம் இரண்டு நாளாகக் கேட்கவில்லை. கொடுத்த காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது. இன்று காலை என்னிடம், "மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா?" என்று கேட்டார்கள். நம் வீட்டில் மாடு கட்டி முப்பது வருடம் ஆகிறது. அப்போதுதான் பயந்து தூக்கிக்கொண்டு ஓடினேன். வயதாகிவிட்டது, தடுமாறுகிறார்கள் என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கிவிட்டேன்.

அக்கா: அழாதீர்கள் அத்தை. எங்கள் வார்டுக்கு வரும் பெரியவர்களில் பலர் இப்படித்தான் வருகிறார்கள். எண்பது வயதில் உடம்புக்குக் காய்ச்சலை எழுப்பும் தெம்பே குறைந்துவிடுகிறது. சாப்பாடு வேண்டாம் என்பதும், எந்நேரமும் தூங்குவதும், திடீரென்று புத்தி தடுமாறுவதும்தான் அவர்களுக்கு அறிகுறி.

சென்னை மாமா: நெஞ்சில் சளி கட்டியதுதானே? திப்பிலிக் கஷாயம் இரண்டு வேளை புகட்டினால் இளகிவிடும்.

அக்கா: வேண்டாம் மாமா. தயவுசெய்து யாரும் புகட்டிவிடாதீர்கள். நினைவு தெளியாதவருக்கு எதைப் புகட்டினாலும் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். அதனாலும் நிமோனியா வரலாம். இது மூச்சுக்குழாயில் கட்டும் சளி அல்ல. அதற்கும் கீழே, ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்கிற நுண்ணிய காற்றறைகளில் நீரும் சீழும் நிறைந்துவிடுகின்றன. பிறகு காற்றுக்கு இடம் ஏது?

திண்டுக்கல் சித்தப்பா: அம்மாவை எப்போது வீட்டுக்கு அழைத்து வரலாம்?

அக்கா: ஆக்சிஜன் இல்லாமலே சீராக மூச்சு விட வேண்டும் சித்தப்பா. வீட்டுக்கு வந்தாலும் அசதியும் இருமலும் வாரக்கணக்கில் இருக்கும். அப்பத்தா எழுந்து நடக்கவில்லை என்று அவசரப்படுத்தாதீர்கள்.

அண்ணி: பேச்சோடு பேச்சாகக் கேட்கிறேன். பாப்பாவுக்கு மூன்று நாளாகச் சளி. இரண்டு வயதுக்குள் போட வேண்டிய ஊசி எல்லாம் போட்டாயிற்று. பயமில்லைதானே?

அக்கா: நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி போட்டிருப்பது நல்லது அண்ணி. ஆனால் அந்த ஒரு கிருமிக்குத்தான் அது காவல். வைரஸாலும் நிமோனியா வரும். தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ஐத் தொட்டாலே அது வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே குழிகிறதா என்றும் பாருங்கள்.

அண்ணி: 46.

அண்ணி: மறுபடியும் எண்ணினேன். 47. மூச்சு இழுக்கும்போதெல்லாம் குழி விழுகிறது.

அக்கா: விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே கிளம்புங்கள். அண்ணன் எங்கே?

அண்ணன்: காரை வாசலுக்கு எடுத்துவிட்டேன்.