'ஓவர்விண்டரிங்' தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஒரு தோட்டக் கழகத்துக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். குளிர்நாட்டுத் தோட்டத்தில் பிகோனியா என்ற பூச்செடியை வெளியே வளர்ப்பது பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, 'டெண்டர்'. உறைபனி பட்டால் செத்துப்போகும் செடிகளை அப்படிச் சொல்கிறார்கள். 'மென்செடி' என்றால் தண்டு மெத்தென்று இருக்கும் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். எந்திர மொழிபெயர்ப்பிடம் கேட்டேன், 'ஒப்பந்தப்புள்ளிச் செடி' என்றது.

மற்றது, 'ஓவர்விண்டரிங்'. அந்தச் செடியைக் குளிர்காலம் முழுக்கச் சாகவிடாமல் வைத்திருந்து அடுத்த ஆண்டு மறுபடி நடுவது. பொழுதைக் கடத்துவது போல என்று நினைத்து, இப்போதைக்குக் 'குளிர்கடத்தல்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ந. எழுதியது:

குளிர்கடத்தல் வேண்டவே வேண்டாம். படித்ததும் சுங்கத்துறைதான் நினைவுக்கு வந்தது. நான் இயற்பியல் வாத்தியார் வேறு, அடுத்ததாக வெப்பக்கடத்தல் வந்து நின்றது. கடத்தப்படுவது வெப்பம்தான், குளிர் அல்ல என்று ஆண்டுதோறும் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் மண்ணைப் போடாதீர்கள்.

'டெண்டர்' என்பதற்குப் 'பனிக்கஞ்சி' எப்படி? பனிக்கு அஞ்சுவது.

அ. எழுதியது:

> 'பனிக்கஞ்சி' எப்படி?

வாசகர் கிண்ணத்தோடு வந்து நிற்பார். உருபைத் தூக்கிவிட்டுப் 'பனியஞ்சி' என்று வைத்தால் கஞ்சி போய்விடும். தொட்டாற்சுருங்கி மாதிரிச் செடிப்பெயர் ஓசையும் கிடைக்கும். அடைமொழியாக வேண்டுமென்றால் 'பனிதாங்காச் செடி'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும்.

'ஓவர்விண்டரிங்' என்பதற்கு 'மாரிகழித்தல்' சொல்லலாமா? புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் குளிர்காலத்தை மாரி என்றுதானே சொல்கிறார்கள்.

புலவர் ப. எழுதியது:

மாரி என்றால் மழை. இன்றைய பேச்சில் எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், கலைச்சொல்லுக்கு வேர் வேண்டும். 'கழித்தல்' கணக்கு வகுப்புக்குப் போகட்டும்.

ஆறு பெரும்பொழுது இருக்க ஏன் அலைகிறீர்கள்? ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. வடகோளத்தில் இந்தச் செடியின் கிழங்கைத் தோண்டி எடுப்பது கூதிரில், மீண்டும் முளைக்க வைப்பது பின்பனி முடிவில். அளவெடுத்துத் தைத்தது போல மூன்று பொழுது. ஆகவே 'கூதிர்க்காப்பு'.

கூடவே ஒன்று. பிகோனியா என்பதை ஏன் 'பேகனி' எனக் கூடாது? குளிரில் நடுங்கிய மயிலுக்குப் போர்வை தந்தவன் பேகன். குளிருக்குப் போர்வை கேட்கும் செடிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? ஒலியும் பக்கத்தில் நிற்கிறது. வேர் இங்கிருந்தே போயிருக்கலாம்.

ந. எழுதியது:

ஐயா, கூதிர் என்று சொல்லிவிட்டு நான் வகுப்பை நடத்த முடியாது. காரணம் கேட்காதீர்கள்.

பேகன் எங்கும் போகவில்லை. மிஷேல் பெகோன் என்ற பிரெஞ்சு அரசு அதிகாரியின் பெயரைத் தாவரவியலார் ஷார்ல் புளூமியே சூட்டினார். 1753-இல் லின்னேயஸ் அதையே எடுத்துக்கொண்டார்.

த. எழுதியது:

எல்லாரும் சொல்லைப் பிடித்துக்கொண்டு செடியை விட்டுவிட்டீர்கள். இருபது வருடமாக இதை வளர்க்கிறேன், ஒரு நிமிடம் கேளுங்கள்.

பிகோனியாவில் 2000-க்கு மேல் சிற்றினம் இருக்கிறது. தோட்டக்காரருக்கு மூன்று விதம் தெரிந்தால் போதும். பெரிய பூ பூக்கும் கிழங்கு வகை ஒன்று. பகல் சுருங்கச் சுருங்கத்தான் அதன் கிழங்கு பருக்கும். அதனால் அவசரப்பட்டுத் தோண்டக் கூடாது. முதல் உறைபனியில் இலை கறுத்ததும், மண் உறையும் முன் எடுக்க வேண்டும். தண்டை ஒட்ட நறுக்கக் கூடாது, பிடித்து இழுக்கவும் கூடாது. நான் முதல் வருடம் இழுத்தேன். கிழங்கின் நடுவில் பிய்ந்த புண், இரண்டே வாரத்தில் அதில் சாம்பல் பூசணம், விரல் வைத்தால் உள்ளே போனது. ஒரு சாண் தண்டு விட்டால் சில நாளில் தானே கழன்று விழும், அடியில் வழவழவென்று தழும்பு இருக்கும். அப்புறம் உலர்ந்த தேங்காய் நார்த்தூளில் புதைத்து 5 முதல் 10 டிகிரியில் வைத்தால் போதும். குளிரைவிட ஈரம்தான் கொல்லும். வசந்தத்தில் குழிந்த பக்கத்தில் அரிசி மாதிரி ஒரு சிவந்த முளை வரும். அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி நட வேண்டும்.

இரண்டாவது, நார்வேர் வகை. இதற்குக் கிழங்கே கிடையாது, உறங்கவும் செய்யாது. தொட்டியோடு வீட்டுக்குள் கொண்டுவந்து வெளிச்சமான ஜன்னலோரம் வைத்து, தண்ணீரைக் குறைத்து ஊற்ற வேண்டும். அல்லது தண்டு வெட்டி வேர்விட வைக்கலாம்.

மூன்றாவது, கிராண்டிஸ். குளிர் ரொம்பக் கடுமையாக இல்லாத இடத்தில், தண்ணீர் தேங்காத மண்ணில் அப்படியே கிடக்கும், மேலே சருகு மூடாக்குப் போட்டால் போதும். இலைக்கக்கத்தில் விடும் குட்டிக் குமிழ்கள் உதிர்ந்து தாமாகவே முளைக்கவும் செய்யும்.

தோண்டுவது, உள்ளே தூக்கி வைப்பது, விட்ட இடத்திலேயே மூடுவது, மூன்றுக்கும் உங்கள் சொல் பொருந்த வேண்டும். 'உறக்கம்' என்று யாராவது ஆரம்பித்தால் இரண்டாவது வகை ஒத்துக்கொள்ளாது.

அ. எழுதியது:

நான் 'குளிருறக்கம்' என்று தட்டச்சிட்டு அனுப்பப் போனேன், அம்மா. அழித்துவிட்டேன். அப்படியானால் 'பனிக்காப்பு'?

புலவர் ப. எழுதியது:

வனக்காப்பு என்றால் வனத்தைக் காப்பது. பனிக்காப்பு என்றால் பனியைக் காப்பதா? மலைமுகட்டுக்கு அல்லவா அந்தச் சொல் போகும்.

அ. எழுதியது:

தீக்காப்பு என்கிறோம், தீயையா காக்கிறோம்? பனியினின்று காத்தல், ஐந்தாம் வேற்றுமை. தாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். கூதிர்க்காப்புக்கும் இதே கேள்வியைக் கேட்கலாமே!

ந. எழுதியது:

பனி என்றால் பாதிப்பேருக்குப் புல்நுனித் துளி, மீதிப்பேருக்கு வெண்பனி. 'குளிர்காலக் காப்பு' என்று நீட்டிச் சொல்லிவிடலாம். அழகில்லைதான், ஆனால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

செ. எழுதியது:

வியாழன் இரவு பதினொன்றரை. எண்ணிப் பார்த்தேன். குளிர்காலக் காப்புக்கு நால்வர், பனிக்காப்புக்கு இருவர், புலவர் ஐயா கூதிர்க்காப்பிலேயே நிற்கிறார். தலைப்பில் 'குளிர்காலக் காப்பு' போட்டுவிட்டேன். 'பனியஞ்சி' எனக்குப் பிடித்திருந்தது, கழகத்தார் சிரித்துவிட்டார்கள். ஆகவே 'பனிதாங்காச் செடி'. உள்ளே, த. அம்மா சொன்னதை அப்படியே போட்டேன்: 'வசந்தம் வரும்வரை ஈரமில்லாத இடத்தில் வைத்திருங்கள்'. அங்கே எந்தக் கலைச்சொல்லும் தேவைப்படவில்லை.

புலவர் ப. எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பனிதாங்காச் செடியில் 'ச்' அச்சில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும். 'பேகனி' பற்றி ஒருவரைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.