ராஜபாளையம் குட்டி: கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் தேடுகிறது

திருநெல்வேலி. ராஜபாளையம் பெண் குட்டி, முழு வெள்ளை, மூன்று மாதம், பேர் மணி. வந்த நாளிலிருந்தே இப்படித்தான். எதிரே நின்று கூப்பிட்டால் சரியாகப் பார்க்கிறது. இடப்பக்கம் பின்னாலிருந்து கூப்பிட்டால் காது நிமிரும், ஆனால் வலப்பக்கம் தேடும்.

பேரை ஒரே தடவைதான் சொல்கிறோம், திட்டும்போது சொல்வதில்லை. திரும்பிய கணமே நகக்கண் அளவு வேகவைத்த கோழி. காதில் அழுக்கோ நாற்றமோ இல்லை, டாக்டரும் பார்த்துவிட்டார். வலது காதை அழுத்திப் படுத்துத் தூங்கும்போது கிண்ணத்தைத் தட்டினால் எழுவதில்லை. இடது காது கீழே இருந்தால் துள்ளி எழுகிறது. (கிண்ணம் கையில்தான், தரையில் தட்டினால் அதிர்வுக்கே விழித்துவிடும்.) வெள்ளை நாய்களில் பிறவியிலேயே ஒரு காது கேட்காமல் போவது உண்டு என்பதால்தான் சந்தேகம்.

நாய்களுக்கு பி.ஏ.இ.ஆர். (BAER, சத்தத்துக்கு மூளை காட்டும் மின்னலையை ஒவ்வொரு காதுக்கும் தனியாக அளப்பது) செவித்திறன் பரிசோதனை தமிழ்நாட்டில் எங்கே செய்கிறார்கள்?