கோவையில் ஷூபர்ட் கச்சேரி: பாட்டு கேட்டுச்சா, பியானோ மட்டுந்தானா?

நொய்யல்கரை:
போன சனிக்கிழமை பொழுதோட, அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு காலேஜ் அரங்கத்துல, வியன்னாவுல இருந்த இசையமைப்பாளர் ஷூபர்ட்டோட பாட்டுக் கச்சேரி வெச்சிருந்தாங்க. பாடினது நம்மூர்ப் பொண்ணு, வெளிநாட்டுல படிச்சுட்டு வந்திருக்குது. பியானோ வாசிச்ச தம்பிக்கும் சின்ன வயசுதான். ரெண்டு பேருக்கும் வித்தை இருக்குதுங்க, அதுல எனக்கு வழக்கு இல்லை. ஆனா மைக் கிடையாது. குரல் கீழ எறங்கினா பியானோ மட்டுந்தான் கேக்குது. பாட்டோட அர்த்தம் அச்சடிச்ச தாளைக் கையில குடுத்துட்டு, அரங்க விளக்கை அணைச்சுப் போட்டாங்க. ஜெர்மன் பாட்டு. அர்த்தமும் படிக்க முடியாது, குரலும் கேக்காதுன்னா நாங்க என்னத்துக்கு உக்காந்திருக்கோணும்? பக்கவாத்தியம்னா பக்கத்துல இருக்கோணுமுங்க, பாட்டு மேல ஏறி உக்காரக் கூடாது.

சுதிப்பெட்டி:
அண்ணா, நானும் அங்கதான் இருந்தேன். வயலினை எதிர்பார்க்கற மாதிரி பியானோவை எதிர்பார்த்துப் போனா ஏமாத்தந்தான். நம்ம கச்சேரில பாட்டு முன்னால போகும், வயலின் பின்னால வரும். ஷூபர்ட் பியானோவுக்கும் சுரம் சுரமா எழுதி வெச்சுட்டாரு. கதையில பாதி அதுக்கிட்டத்தான் இருக்குது. அன்னைக்குப் பாடின ‘எர்ல்கோனிக்’கையே எடுத்துக்குங்க. ஜெர்மன் கவிஞர் கதே எழுதின கவிதை, 1815ல ஷூபர்ட் மெட்டுப் போட்டப்ப அவருக்கு வயசு 18. நடுராத்திரி, காத்து அடிக்குது, அப்பன் பையனை அணைச்சுக்கிட்டுக் குதிரையில பறக்கறான். கதை சொல்றவன், அப்பன், பையன், பையனை ஆசை காட்டிக் கூப்பிடற பேயரசன்னு நாலு பேரையும் பாடறவ ஒருத்தியே பாடோணும். நம்ம பக்கம் உடுக்கை அடிச்சு அண்ணன்மார் கதை படிக்கறவர் ஒருத்தரே எல்லாராவும் மாறுவாரே, அதே வேலை. அப்பக் குதிரை யாரு? பியானோக்காரரோட வலது கை. ஒரே சுரத்தை மும்மூணா விடாம அடிச்சுக்கிட்டே இருக்கோணும், மணிக்கட்டு கழண்டு போயிரும். கடைசில குதிரையும் நின்னு, பியானோவும் நின்னு, பையன் செத்துட்டான்னு அந்தப் பொண்ணு கிட்டத்தட்ட பேச்சாவே சொல்லுச்சு. இதுல எது பக்கம், எது நடு?

காரமடை கட்டிச்சோறு:
எனக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் தொடையில ஆதி தாளம் போட்டுக்கிட்டே வந்தாரு. அந்தப் பொண்ணு ஒரு எடத்துல இழுத்துப் பாடவும் தாளம் தப்பிப்போச்சு. அதைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள பாட்டே முடிஞ்சுது. அப்புறம், பாட்டுக்குப் பாட்டு கை தட்டினவங்களைச் சில பேர் திரும்பித் திரும்பி மொறைச்சாங்க. டிக்கெட் வாங்கி வந்தவன் கை தட்டக் கூடாதுங்களா?

உடுமலை வடக்கு:
மைக்கை விடுங்க. அன்னைக்குப் பாடின ‘வின்டர்ரைஸ’ ஷூபர்ட்டோட பாட்டுத் தொடர், 24 பாட்டும் சேர்ந்து ஒரே பயணம். காதல் முறிஞ்சவன் பனிக்காலத்துல ஊரை விட்டு நடக்கறான். ஒட்டுக்காப் பாடினா ஒண்ணேகால் மணி நேரம். இவங்க அதுல எட்டை மட்டும் பொறுக்கிப் பாடினாங்க. அதுபோக, அது ஆம்பளை பாடற பாட்டு. பொண்ணு பாடறப்ப ஒட்டலை.

ஆர்மோனியப் பொட்டி:
பொறுக்கிப் பாடறது இந்தக் காலத்துப் பழக்கம்னு நெனைக்காதீங்க, அப்பெல்லாம் அதுதான் வழக்கம். ஷூபர்ட்டோட இன்னொரு தொடர் ‘டீ ஷோன முல்லரின்’, 20 பாட்டு. அதை மொதல்மொதலா மேடையில முழுசாப் பாடினது ஷ்டாக்ஹவுசன்ங்கற பாடகர், 1856ல வியன்னாவுல. ஷூபர்ட் செத்து 28 வருசம் ஆச்சு அப்ப. ‘வின்டர்ரைஸ’வையே அவர் ஒரே மூச்சுல எழுதலை. மொதல்ல 12 கவிதைதான் அவர் கண்ணுல பட்டுது. மிச்சம் 12 அப்புறமா கிடைச்சு, 1827 கடைசில உக்காந்து போட்டாரு. அந்தக் கவிதைகளை எழுதின முல்லர் அந்த வருசமே போய்ச் சேர்ந்துட்டாரு. பொண்ணு பாடறதுக்கு வர்றேன். லோட்டே லேமன், கிறிஸ்டா லுட்விக்னு ரெண்டு பாடகிகளுமே ‘வின்டர்ரைஸ’ 24ஐயும் பாடிப் பதிவு பண்ணியிருக்காங்க. நம்மாழ்வார் பராங்குச நாயகியா நின்னு உருகினா கேக்கறோம், இதுக்கு மட்டும் என்னங்க ஒட்டலை?

எங்க வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘வின்டர்ரைஸ’ தொடர்ல மொத பாட்டைப் போட்டுக் காட்டுவேன். மைனர்ங்கற சுர வரிசையில, நம்ம காதுக்கு நடபைரவிச் சாயல்ல, நடந்து போறவன் காலடி மாறாம போய்க்கிட்டே இருக்கும். கடைசிச் சரணத்துல, தூங்கற உன்னை எழுப்ப மாட்டேன், சத்தமில்லாம கதவைச் சாத்திட்டுப் போறேன்னு வர்றப்ப மேஜருக்குத் திரும்பிரும், சங்கராபரணம் மாதிரி. அந்தத் திருப்பத்தைப் பாடறவ வாயைத் திறக்கறதுக்கு முந்தியே பியானோ செஞ்சிருது. அந்தத் தம்பி அன்னைக்கு அதை நெம்ப அழகா வாசிச்சாரு.

நொய்யல்கரை:
டீச்சர் சொல்ற நுணுக்கம் அத்தனையும் சரிங்க. அது பன்னெண்டாவது வரிசைக்கு வந்து சேரலைன்னுதானுங்க நான் சொல்றேன். எனக்கு வந்தது ஏசி இரைச்சலும் இடது கை தாட்டுப்பூட்டும்.

சுதிப்பெட்டி:
கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் மைக் இல்லாத நாடக மேடையில பாடித்தான் பேர் வாங்கினாங்க. சபாவுல காது கிழிய மைக் வெச்சு வெச்சு, தொண்டையோட நெசமான சத்தம் எப்படி இருக்கும்னே நமக்கு மறந்துபோச்சு. காதைத்தான் பழக்கோணும்.

வெள்ளலூர் வாசி:
அந்த அம்மா உச்சத்துல நின்னு பாடினவங்க, கூட இருந்தது ஆர்மோனியம். அதை இங்க கொண்டாராதீங்க. ஷூபர்ட் காலத்து வியன்னா பியானோவுக்கு மரச்சட்டம், சன்னக் கம்பி. சத்தமும் அதுக்குத் தக்கனதான். இப்ப மேடையில நிக்கற கிராண்ட் பியானோவுக்குள்ள வார்ப்பிரும்புச் சட்டம், கம்பிகளோட இழுவிசை மட்டும் டன் கணக்குல. அவர் பாட்டுகளைக் கேட்டவங்க பெரும்பாலும் சிநேகிதர் வீட்டுக் கூடத்துல கூடினவங்க. அன்னைக்கு பியானோ மூடி முழுசாத் திறந்து கெடந்துது, குட்டைக் கம்புல நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஒழுங்காக் கேட்டது கடைசிப் பாட்டு ஒண்ணுதான். பனியில வெறுங்காலோட நின்னு, கைப்பிடியைச் சுத்திச் சுத்தி வாத்தியம் வாசிக்கற கிழவனைப் பத்தினது. இடது கை ச-ப ரெண்டை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கும், தம்புராவுக்கு மேல பாடற கணக்கா குரல் தனியா வரும். இதையெல்லாம் தொட்டிக்கட்டு வீட்டுல அம்பது பேரை உக்கார வெச்சுப் பாடோணும். அரங்கமே தப்பு.

காரமடை கட்டிச்சோறு:
அந்த அம்பது பேர் யாருங்க? மில்லுக்காரரும் அவர் சம்பந்தி வீட்டாரும். எனக்கெல்லாம் அழைப்பு வராது. பெரிய அரங்கமே இருக்கட்டும், மைக் வெச்சுருங்க.

ஆர்மோனியப் பொட்டி:
மைக் வெச்சா குரல் சுவத்துல மாட்டின ஸ்பீக்கர்ல இருந்து வரும், பியானோ மேடையில இருந்து வரும். ரெண்டும் ரெண்டு ஊர்ல நடக்கற மாதிரி ஆயிரும். அந்தப் பொண்ணு ஒத்துக்காது, ஒத்துக்கவும் கூடாது.

நொய்யல்கரை:
ஒத்துக்காட்டிப் போகுதுங்க. ஏற்பாடு பண்ணினவங்களுக்கு எழுதிப் போட்டுட்டேன்: மூடியை எறக்குங்க, தாள் படிக்கற அளவுக்கு விளக்கு எரியட்டும், முன்னால நாலு வரிசைக்கு வெள்ளைத் துணி போட்டு வெச்சிருந்தீங்களே, கச்சேரி முடியற வரைக்கும் அதுல ஒருத்தரும் வந்து உக்காரலை, அடுத்த தடவை அங்க எங்களை விடுங்கன்னு. இன்னும் பதில் வரலை.