மீன் தராசும் ஜீப்பின் முன் அச்சும்

போடியிலிருந்து:

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஓட்டிய மஹிந்திரா சிஜே 3பி ஜீப். டீசல் எஞ்சின் பிறகு யாரோ மாற்றி வைத்தது. போடிமெட்டு ஏறும்போது ஒன்றும் தெரியாது. கீழே இறங்கித் தேனி ரோட்டில் 45-ஐத் தொட்டு, இடது சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தால் போதும், ஸ்டியரிங்குக்குச் சாமி வந்துவிடும். வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தினால்தான் மலை ஏறும்.

மூன்று வருடத்தில் டை ராட் (முன் சக்கரம் இரண்டையும் இணைக்கும் கம்பி) எண்டு இரண்டு தடவை, ஸ்டியரிங் பாக்ஸ் ஒரு தடவை, டயர் நாலும் மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் பட்டறையில் "இப்ப ஓட்டிப் பாருங்க சார்" என்பார்கள். ஒரு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதை. கடைசியில் நானே ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். கடக் கடக் என்றது. தங்கையை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது. வீல் பேரிங் லூஸ் என்றால் பிரேக் பிடித்ததும் சத்தம் நின்றிருக்கும். அப்போதுதான் கிங் பின், அதாவது சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் மூட்டு, என்று உறைத்தது. மூன்று வருடத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கம் கை வைக்கவில்லை.

1940-களின் வில்லீஸ் ஜீப்பில் இருந்த அமைப்புதான் இது. அச்சின் முனையில் ஒரு பெரிய இரும்பு உருண்டை, அதன்மேல் கவிழ்த்த சட்டி மாதிரி நக்கிள். சட்டி திரும்புவதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்றாகக் கூம்பு பேரிங். இந்த இரண்டும் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்க வேண்டும். இறுக்கம் போய்விட்டால் பள்ளத்தில் விழுந்த சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

வீல் பேரிங்கைப் பிடிக்கும் நட்டைக் கண்டதுமே எனக்கு முன்னால் எத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. ஆறு மூலையும் உளி வைத்து அடித்து மொட்டையாகியிருந்தது. நக்கிள் திறந்ததும் கிரீஸ் வரும் என்று பார்த்தால் வந்தது சாம்பல் நிறக் கூழ். உள் சீல் போய், கியர் ஆயில் அச்சிலிருந்து கசிந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. ஒரு பக்கெட் மண்ணெண்ணெய் அதற்கே தீர்ந்தது.

இடது ஆக்சிலை, சக்கரத்தைச் சுற்றும் தண்டை, கோணலாக இழுத்துவிட்டேன். டக் டக் என்று குண்டுகள் தரையில் உருண்டன. பெண்டிக்ஸ் ஜாயிண்ட், சக்கரம் திரும்பினாலும் தண்டு சுற்றுவதற்கான மூட்டு. நாலு குண்டு சுற்றிலும், நடுவில் ஒன்று. நடுக் குண்டில் பின் போட ஒரு துளை, பக்கத்தில் ஒரு பள்ளம். நடுக் குண்டை வைத்து மூன்றைக் காடியில் போட்டபின், அந்தப் பள்ளம் நாலாவது காடிக்கு நேராக வரும்படி திருப்ப வேண்டும். அப்போதுதான் கடைசிக் குண்டு உள்ளே போகும். அதன்பின் நடுக் குண்டைத் துளைக்கு நேராகத் திருப்பிப் பின்னைத் தட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. நாலாவது குண்டு கோழிக் கூட்டுக்கு அடியில் கிடைத்தது.

வலது பக்கம் திறந்தால் வேறு கூத்து. அங்கே இருந்தது குண்டு ஜாயிண்டே இல்லை, சிலுவை போட்ட ஸ்பைசர் ஜாயிண்ட். எந்தக் காலத்திலோ யாரோ கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். ஃபோர் வீல் போட்டு வளைவில் திரும்பும்போது மட்டும் வண்டி வெட்டி வெட்டி இழுத்ததற்கு இதுதான் காரணம். சிலுவை ஜாயிண்ட் வளைந்து நிற்கும்போது ஒரே சீராகச் சுற்றாது.

பேரிங், சீல், கேஸ்கட் எல்லாம் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரவழைத்தேன். இனிதான் அசல் வேலை, ஷிம். கிங் பின் மூடிக்கு அடியில் மூணு தௌ, அஞ்சு தௌ, பத்து தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று மெல்லிய தகடுகள் இருக்கும். தகட்டை எடுத்தால் பேரிங் இறுகும். என் வண்டியில் மேலும் கீழும் இருந்ததால் இரண்டு பக்கமும் சமமாக எடுத்தேன். இல்லாவிட்டால் ஆக்சில் நடுவில் நிற்காது. எவ்வளவு இறுக்கம் என்பதற்குப் பழைய வில்லீஸ் கையேட்டில் கணக்கு உண்டு. டை ராட்டைக் கழற்றி, அது மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்தால், நக்கிள் நகரும்போது 4 முதல் 6 பவுண்டு காட்ட வேண்டும். நம் கணக்கில் 1.8 முதல் 2.7 கிலோ. தெருவுக்கு வரும் மீன்காரரிடம் தராசைக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவரும் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

முதல் தடவையே இரண்டே கால் கிலோ. குஷியாகி எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். ராத்திரி படுத்தபின்தான் உறைத்தது: உருண்டையைக் கவ்வும் கம்பளி சீலை மாட்டிவிட்டு அளந்திருக்கிறேன். கையேடு சீல் இல்லாமல் அளக்கச் சொல்கிறது. மறுநாள் காலை மறுபடி பிரித்தேன். சீல் இல்லாமல் தராசு முள் அரைக் கிலோவைக்கூடத் தொடவில்லை. அதாவது நான் அளந்தது கம்பளியின் பிடிப்பை! ஷிம் எடுத்து எடுத்து இரண்டு கிலோவுக்குக் கொண்டுவர மதியம் ஆகிவிட்டது.

கோத்தகிரியிலிருந்து:

அண்ணா, அந்தச் சாம்பல் கூழ் எனக்கும் வந்தது. சீல் மாற்றி இரண்டே மாதத்தில் பிரேக் ட்ரம்முக்குள் மறுபடி ஆயில். சீலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தால் அச்சின் மேல் இருக்கும் மூச்சுத் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது. அச்சு சூடானால் உள்ளே காற்று விரியும், போக வழி இல்லாவிட்டால் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். ஒரு கம்பியால் குத்தி எடுத்தேன், கசிவு நின்றது.

வீல் பேரிங் நட்டு விஷயத்தில் என் வண்டியும் உங்கள் வண்டி மாதிரிதான், உளி வைத்தே வாழ்ந்திருக்கிறது. அதற்கு ஸ்பேனர் என்ன சைஸ்?

மலேசியா, கேமரன் மலையிலிருந்து:

இங்கே காய்கறித் தோட்டத்துக்கெல்லாம் பழைய லேண்ட் ரோவர்தான். எங்களுடையது சீரீஸ் 3. அந்த உருண்டைக்குக் குரோம் பூச்சு உண்டு. இந்த மழையில் பூச்சு உரிந்து துரு குழி குழியாகத் தின்றுவிடும். அதன்மேல் புது சீல் போட்டால் குழியின் விளிம்பு சீலை அறுத்துவிடும். உருண்டை மாற்றக் காசு இல்லாதவர்கள் ஆயிலுக்குப் பதில் கஞ்சி மாதிரி இருக்கும் இளகிய கிரீஸை அடைப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். சரியான வழி இல்லை என்று தெரியும். ஆனால் கோஸ் மூட்டை நான் அச்சை முடிக்கும்வரை காத்திருக்காதே.

மறுபடி போடி:

தம்பி, நட்டு 2 1/16 அங்குலம். உள் நட்டைச் சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி, ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்து. அப்புறம் பூட்டு வாஷர், வெளி நட்டு, வாஷர் விளிம்பை மடக்கு. என் வீல் பேரிங் நட்டுக்கு வாங்கிய குழாய் ஸ்பேனர் சும்மாதான் கிடக்கிறது, கோவை பஸ்ஸில் போட்டு விடுகிறேன், அங்கே வந்து எடுத்துக்கொள்.

வண்டியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: நேற்று தேனி ரோட்டில் 60 வரை போனேன், அதே பள்ளத்தில் வேண்டுமென்றே இடது சக்கரத்தை இறக்கினேன். ஸ்டியரிங் ஒரு குலுக்கு, அவ்வளவுதான். வலது பக்கச் சிலுவை ஜாயிண்ட் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பெண்டிக்ஸ் ஜாயிண்ட் யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள், குண்டு ஐந்தும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.