இழைய வளர்ப்பு வாழைக்கன்று: வைத்த மூன்றாம் நாளே கருகுது

வெல்லாவெளியான்:
அரை ஏக்கரில 200 கன்று வைக்க யோசனை. மாதிரிக்கு வாங்கின 10 கன்றில 6 இலை விளிம்பு கருகிச் செத்திட்டு. தண்ணி குறையில்ல. முந்தி கோழிக்கூட்டு வாழை வாடல் நோயில அழிஞ்ச துண்டு அது. ஆய்வுகூடக் கன்றுக்கு நோயே வராது எண்டு விக்கிறவர் சொல்றார். நம்பலாமா?

கன்றுமேடை:
தண்ணி ஊத்தி இதைக் காப்பாற்றேலாது. ஆய்வுகூடத்தில இதைப் போத்தலுக்குள்ளதான் வளர்க்கிறது, அதுக்குள்ள ஈரப்பதன் கிட்டத்தட்ட 100 வீதம். அங்க விரிஞ்ச இலையில மெழுகுப் படை மெல்லிசு, இலைவாய் சரியா மூடாது. வேர் உறிஞ்சுறதை விட இலை கூட இழக்கும். கச்சான் எண்ட வரண்ட சூட்டுக்காத்து அடிக்கிற நேரமெண்டால் ஒரு பகலே போதும்.

போத்தலால எடுத்தாப் பிறகு ஈரக் கூடாரத்தில 4 முதல் 6 கிழமை, பையில 50 வீத நிழல்வலைக்குக் கீழ இன்னும் 6 முதல் 8 கிழமை இருக்கவேணும். கடைசி இரண்டு கிழமையில வலையைக் கொஞ்சம் கொஞ்சமா விலக்கவேணும். வாங்கும்போது ஒரு பையைக் கழற்றிப் பாருங்க. வெள்ளை வேர் மண்ணைக் கட்டிப் பிடிச்சிருக்கோணும். மண் உதிர்ந்தால் எடுக்காதீங்க. உயரம் 30 சென்ரிமீற்றர், வெளியில விரிஞ்ச இலை 5 சரி.

மண்புழு:
நோய் வராது எண்டது பிழை. சுத்தமான கன்று வேற, நோயைத் தாங்குற கன்று வேற. வாடலுக்குக் காரணமான பியூசேரியம் பூஞ்சணம் மண்ணில பல பத்தாண்டு கிடக்கும். பழைய கட்டையின்ர கிழங்கை வெட்டிப் பாருங்க, செம்பழுப்புக் கோடு கண்டால் அங்க திரும்பவும் கோழிக்கூடு வைக்கவே வேண்டாம். கோழிக்கூட்டைக் கொல்லுறது பியூசேரியத்தின்ர முதலாம் இனம், அதை கவென்டிஷ் வாழை தாங்கும்.

ட்ரைக்கோடெர்மா எண்ட நன்மை செய்யிற பூஞ்சணம் துணைதான், மருந்தில்ல. 1 கிலோவை 100 கிலோ மக்கின சாணத்தோட கலந்து, நிழலில ஈரமா பத்து நாள் விட்டுப் போடுங்க. பூஞ்சணநாசினியோட சேர்த்தால் அது செத்துப்போகும்.

குருக்கன் நோய் (வைரசால வாற நுனிக்கொத்து நோய்) வேற கதை: கறுத்த அசுவுணிதான் காவி. வேலியோரம் நோய்ப்பட்ட ஒரு பத்தை நிண்டாலே காணும்.

வெல்லாவெளியான்:
அப்ப கவென்டிஷ்தான். குழியில யூரியா போடலாமா?

கன்றுமேடை:
வேண்டாம். தாய்மரத்தடியில முளைக்கிற வாள்க்கன்றைப் போல இதுக்குக் கிழங்கில சேமிப்பில்ல, வேரும் மெல்லிசு, எரிஞ்சிடும். 60 சென்ரிமீற்றர் கனக் குழியில சாணமும் மேல்மண்ணும் மட்டும். ஒரு மாதம் போக, தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமா, சிறு சிறு பங்கா உரம். வெள்ளம் நிக்கிற துண்டெண்டால் மாரி வெள்ளம் வடிஞ்ச பிறகுதான் நடுங்க. குட்டையாகி இலை நெருங்கி நிக்கிற கன்று ஒண்டிரண்டு வரும், அது வளர்ப்பில நடக்கிற மாறல். குலைக்குக் காத்திராம பிடுங்குங்க.